மரங்களுக்கு ஹெல்த் செக்கப்: காசு கொடுத்துச் செய்து பார்த்தோம்

குடியிருப்புகளில் இருக்கும் மரங்களை வந்து பார்த்து, அளந்து, ஒவ்வொரு மரமும் எந்த நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுக்கிற ஆட்கள் இப்போது சென்னையில் இருக்கிறார்கள். எங்கள் அசோசியேஷன் அந்தச் சேவையை எடுத்தது. தெற்குச் சென்னையில் பழைய குடியிருப்பு எங்களுடையது, கட்டடத்துக்கு என்ன வயதோ மரங்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. தூங்குமூஞ்சி, வேம்பு, புங்கம், குல்மொஹர், இயல்வாகை, மகிழம், காம்பவுண்டு ஓரமாக வரிசையாய் நெட்டிலிங்கம். ரிப்போர்ட் வந்தது, அதை வைத்து மீட்டிங்கில் வாக்குவாதம் நடந்தது, அவர்களைத் திரும்பவும் வரவழைத்தோம். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இந்த வேலைக்கு நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மார்க் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. அதில் பெரும்பங்கு மிஷின்களுக்கு இல்லை, டேப்பையும் கொட்டாப்புளியையும் (மரச் சுத்தியல்) வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் பெண்ணுக்கு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்தவராம். மரத்தடியில் மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கிப் பார்க்கத் தயங்காதவர். இந்த வேலைக்கு ஆள் தேடும்போது அதை முதலில் பாருங்கள்.

எதற்காக எடுத்தோம் என்றால், பயம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா வந்து போனதிலிருந்து சென்னையில் பெரிய மரம் என்றாலே பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. அன்றைக்கு ஆயிரக்கணக்கில் மரங்கள் போயின, வேரோடு சாய்ந்து தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தவற்றைப் பார்த்தவர்களின் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. 2023-ல் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் அதே பேச்சு. ஐப்பசி நெருங்கினால் போதும், "எல்லா மரத்தையும் பாதிக்கு மேல வெட்டி விட்டுடலாம் சார்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிடலாமே என்று சொல்லித்தான் இதற்குப் பணம் ஒதுக்க வைத்தோம்.

ஆக, எங்கள் ஆட்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: விழுமா, விழாதா? வந்தவர்கள் எழுதிக் கொடுத்ததோ இரண்டு கேள்விகளுக்கான பதில். மரம் தெம்பாக வளர்கிறதா என்பது ஒன்று. தண்டும் வேரும் காற்றைத் தாங்குமா என்பது இன்னொன்று. ரிப்போர்ட்டில் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தன, ஒரு கட்டத்தின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு கூட்டி ஒற்றை எண்ணாக ஆக்கவில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நன்றாகத் தழைத்துப் பச்சைப்பசேல் என்று நிற்கிற மரம் அடுத்த காற்றில் சாயலாம், நடுவில் பொந்து விழுந்த மரம் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கலாம். மரத்தின் உயிர் ஓடுவது பட்டைக்குக் கீழே இருக்கும் மெல்லிய அடுக்கிலும் அதை ஒட்டிய வெளிக்கட்டையிலும். நடுவைரத்தில் உயிருள்ள திசு இல்லை, அதனால் அது மட்கிப் போனாலும் இலைக்கு உடனே எதுவும் தெரியாது. அடையாறு தியாசாபிகல் சொசைட்டி ஆலமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் தாய்த்தண்டு 1989-ல் புயலில் சாய்ந்தது, மரம் விழுதுகளின் மேல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒரே எண்ணில் "இந்த மரம் 72%" என்று யாராவது கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டை வாங்கவே வேண்டாம் என்பேன்.

சரி, என்னென்ன செய்தார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்தார்கள், வனத்துறைக் கணக்கில் நெஞ்சுயரம் என்றால் அதுதான். அளந்த இடத்தில் சின்னதாகப் பெயின்ட் கோடு போட்டார்கள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் "சுத்தளவு தெரிஞ்சு என்ன பண்றது?" என்று கேட்டார், கேட்டது நியாயம்தான், ஏனென்றால் இன்றைக்கு எடுக்கிற அளவு தனியாக எதையும் சொல்லாது. அடுத்த வருஷம் அதே மாசத்தில், அதே கோட்டில், அதே விடியற்காலையில் எடுக்கும்போதுதான் அது பேசும். காலை நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பகலில் இலை வழியாகத் தண்ணீர் போகப் போகத் தண்டு லேசாகச் சுருங்கும், ராத்திரி மறுபடி உப்பும். குளிர்நாடுகளில் மரத்தில் மெல்லிய துளை போட்டு உள்கட்டையை எடுத்து ஆண்டு வளையங்களை எண்ணியே போன பத்து வருஷத்து வளர்ச்சியைப் படித்துவிடுவார்கள். நம்மூரில் தேக்கில் வளையம் தெளிவாக விழும், ஆனால் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் அப்படி நம்பகமாக விழுவதில்லை. அதனால் நமக்கு டேப்பும் பொறுமையும்தான் வழி.

அப்புறம் கொட்டாப்புளி. தண்டைச் சுற்றி, கீழிருந்து மேல் வரை தட்டிக்கொண்டே போவார், சத்தம் மாறுகிற இடத்தில் நின்று காதை வைத்துத் திரும்பத் தட்டுவார், சாக்பீஸால் கோடு போடுவார். தோட்டக்கார அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரிதானேம்மா" என்று தானும் தட்ட ஆரம்பித்துவிட்டார், அவர் சொன்ன இடமும் இவர் போட்ட கோடும் ஒன்றாகவே இருந்தன. இதற்கு மிஷின் எதுவும் தேவைப்படவில்லை.

கிளைகளைப் பார்த்த விதமும் எனக்குப் பிடித்தது. கீழே, உள்பக்கம், நிழலில் இருக்கிற கிளை காய்ந்திருந்தால் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, அது மரம் தானே கழித்துக்கொள்வது. உச்சியிலும் வெளி ஓரத்திலும் நல்ல வெயில் படுகிற நுனிகள் பட்டுப்போயிருந்தால்தான் பேனாவை எடுத்தார். நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் கோளாறு வேரில் இருக்கும் என்றார். தழை எவ்வளவு அடர்த்தி, கீழே நின்று பார்த்தால் வானம் எவ்வளவு தெரிகிறது என்று சதவீதத்தில் எழுதினார். இது கண் மதிப்புதான். அமெரிக்க வனத்துறையும் மரக்கணக்கெடுப்பில் தழை அடர்த்தி, ஒளி ஊடுருவல், நுனி காய்தல் என்று இவற்றைத்தான் பதிவு செய்கிறது. ஆனால் பார்க்கிற ஆள் மாறினால் எண் மாறும். அதனால் ஒரே ஆள் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று எடுத்த போட்டோவாவது வேண்டும். இவர்கள் போட்டோ எடுத்தார்கள், எந்த இடத்தில் நின்று எடுத்தது என்பதை எழுதவில்லை. தொலைபேசியில் கேட்டு நாங்களே குறித்து வைத்தோம்.

இதில் எல்லாம் எனக்கு மிகவும் கண்ணைத் திறந்தது வெட்டுக்காயத்தை அளந்தது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்டுப்போன பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை ஒதுக்கிவிட்டு, மேலே புதுக்கட்டையை வளர்த்து மூடிக்கொண்டு போகிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து 1977-ல் இதை ஒரு மாதிரியாக வகுத்து எழுதினார், இன்றைக்கு உலகம் முழுக்க மரம் பராமரிப்பவர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். பழைய கிளை வெட்டின வட்டத்தைச் சுற்றி உதடு மாதிரி உருண்டு வருமே, அந்த இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். தெம்புள்ள மரம் சீக்கிரம் மூடும், தளர்ந்த மரம் வருஷக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். ஒரே மரத்தில், தேதி தெரிந்த வெட்டு இருந்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்த மரத்தின் சென்ற சில வருஷத்து வாழ்க்கையே அதில் இருக்கிறது. எங்கள் தூங்குமூஞ்சி வெட்டுகளை அழகாக மூடிக்கொண்டு வருகிறது, பார்க்கப் பார்க்க எனக்கு சந்தோஷமாக இருந்தது.

இப்போது மிஷின்களுக்கு வருகிறேன். இலையைக் கவ்விப் பச்சையத்தை அளக்கிற கைக்கருவி, கோனிகா மினோல்டாவின் ஸ்பாட் 502 பிளஸ். நெல் வயலில் தழைச்சத்து பார்ப்பதற்காக விவசாயக் கல்லூரிகளில் பார்த்திருப்பீர்கள். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் இலை வழியாக அனுப்பி, எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று ஒப்பிட்டு ஒரு எண் காட்டும். அந்த எண்ணுக்கு அலகு கிடையாது. இலையைப் பறிக்கத் தேவையில்லை, நொடியில் முடிந்துவிடும், கருவி கைக்கு அடக்கம். கருவியாக எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதைப் பயன்படுத்துகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அது பார்க்கிற ஜன்னல் 2-க்கு 3 மில்லிமீட்டர் அளவுதான். குல்மொஹரின் சிற்றிலை அந்த ஜன்னலை நிறைப்பதே சிரமம், நடுநரம்பு குறுக்கே வந்துவிடும், எண் ஏறி இறங்கும். புங்கத்திலும் வேம்பிலும் சுலபம். ஆனால் கொழுந்து இலையை வைத்தால் குறைவாகக் காட்டும், நிழல் இலையும் வெயில் இலையும் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் வெயில் படும் முற்றின இலைகளாகப் பார்த்து நிறைய எடுத்துச் சராசரி போட வேண்டும். முதல் தடவை வந்தவர்கள் கைக்கு எட்டின கீழ்க்கிளையில் மட்டும் எடுத்தார்கள். உச்சிதான் முதலில் வாடும் என்று அவர்களே சொல்கிறார்கள், எண் எடுப்பது கீழே. மறுமுறை நீளக் கொக்கி கொண்டு வரச் சொன்னோம், கொண்டு வந்தார்கள். இன்னொன்று: வேம்பின் எண்ணையும் மகிழத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "மகிழம் நன்று" என்று வரைபடம் போட்டிருந்தார்கள். அது அர்த்தமில்லாதது. மகிழத்தின் இலை இயல்பிலேயே தடிமன், கரும்பச்சை. மகிழத்தை மகிழத்தோடு மட்டும்தான் ஒப்பிட முடியும், அதுவும் ஒரே பருவத்தில்.

எங்கள் பி பிளாக் புங்கத்தின் கதையைச் சொன்னால் புரியும். கம்பிக்கு இடைஞ்சல் என்று அதன் தலையை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். அப்புறம் அது குச்சி குச்சியாகத் துளிர்த்து, நீள நீளமாகக் கொம்புகள் விட்டு, பெரிய பெரிய இலையாக நிற்கிறது. பச்சைய எண் எல்லாப் புங்கத்தையும் விட அதற்குத்தான் அதிகம், கொழுந்தின் நீளமும் அதற்குத்தான் அதிகம். எண்ணை மட்டும் படித்தால் முதல் பரிசு அதற்குத்தான் போகும். உண்மையில் அந்த மரம் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்துத் தழையை மீட்டுக்கொண்டிருக்கிறது, அந்தப் புதுக்கொம்புகள் வெளி அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பவை, பெரிதானதும் பிய்ந்து விழுவது அவைதான். மொட்டையடித்தால் புயலுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் அந்தப் பெண் எண்ணுக்குப் பக்கத்தில் கைப்பட எழுதியிருந்தார்: "தலை வெட்டப்பட்ட மரம், இந்த அளவை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டாம்." அந்த ஒரு வரிக்காகவே நான் அரை மார்க் கூட்டினேன்.

இலையின் ஒளிர்வை அளக்கிற கருவியும் ஒன்று வைத்திருந்தார்கள். இலையில் சின்ன கிளிப் போட்டு, இருபது முப்பது நிமிஷம் இருட்டில் வைத்து, பிறகு பளிச்சென்று ஒளி பாய்ச்சி, ஒளிச்சேர்க்கை இயந்திரம் எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்று பார்ப்பது. நல்ல இலையில் 0.8-க்குக் கொஞ்சம் மேலே, 0.83 வாக்கில் வரும், பெரும்பாலான செடி மரங்களுக்கு இது பொது. ஒரு வசதி, மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே சில நேரம் இது இறங்கிவிடும். ஒரு குறை, மிதமான தண்ணீர்த் தட்டுப்பாட்டை இது பெரும்பாலும் காட்டாது, மரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண் அசையும். எங்களுக்கு வந்த எண்கள் எல்லாம் 0.8 சுற்றியே இருந்தன, வீணாகப் போன அரை நாள் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நன்றாக இருக்கும்போது எடுத்து வைத்த எண்தான் பின்னால் எதையாவது ஒப்பிட உதவும்.

வாக்குவாதம் வந்தது வேம்பில். முதல் தடவை அவர்கள் வந்தது பொங்கல் கழித்து. அந்தச் சமயத்தில் நம்மூர் வேம்புகள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்த்தால் செத்த மரம் மாதிரியே நிற்கும். பனிக்காலத்தில் தேயிலைக் கொசு என்று சொல்லப்படுகிற பூச்சி (பேர்தான் கொசு, அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இனம்) இளந்தளிரில் சாறு எடுக்கும், அதோடு ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் குச்சி நுனிகள் காயும். அதுவும் போதாதென்று மாசி பங்குனியில் வேம்பு இயல்பாகவே பழைய இலையைக் கொட்டிப் புதுசு விடும். இந்த நேரத்தில் தழை அடர்த்தி பார்த்து எங்கள் வேம்புகள் எல்லாவற்றுக்கும் "மோசம்" என்று மதிப்பெண் போட்டு, இரண்டை அகற்றலாம் என்று ஆலோசனையும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டும் விளையாட்டு மைதானத்தின் நிழல். நான் மீட்டிங்கில் விடாப்பிடியாக நின்றேன், சித்திரை முடியும் வரை யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது, அப்புறம் அளக்கலாம் என்று. செக்ரட்டரி சம்மதித்தார், நல்ல மனுஷர். மறுமுறை வந்தபோது ஒன்று குடை மாதிரி தழைத்து நின்றது, மற்றதில் ஒரு பக்கத்துக் கொம்பு மட்டும் உண்மையாகவே பட்டிருந்தது, அதைக் கழித்தால் போதும் என்று மாற்றி எழுதினார்கள். மாற்றி எழுதியது அவர்கள் நேர்மை. ஆனால் சென்னையில் மரம் பார்க்கிறவர்களுக்கு வேம்பின் நாள்காட்டி தெரியாமல் இருக்கக்கூடாது. இதே மாதிரி புங்க இலையில் சிலந்திப்பேனால் வருகிற கொப்புளங்களையும் நோய் என்று கழித்திருந்தார்கள், பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர வளர்ந்த மரத்தை அது ஒன்றும் செய்யாது.

எல்லாவற்றிலும் விலை அதிகம் ஒலி டோமோகிராபிக்குத்தான். அடிப்படைச் சோதனையைப் போலப் பல மடங்கு, மரத்துக்கு மரம் தனிக் கட்டணம். தண்டைச் சுற்றி உணர்கருவிகளை ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினால், அந்தச் சத்தம் மற்ற கருவிகளுக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணினி கணக்குப் போட்டு குறுக்குவெட்டுப் படமாகக் கொடுக்கும். நல்ல கட்டையில் சத்தம் வேகமாக ஓடும், பொந்து வந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நேரம் கூடும். எங்கள் தூங்குமூஞ்சிக்குச் செய்தோம், யாரோ ஒரு காலத்தில் அதன் பொந்தில் சிமென்ட் கொட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள், உள்ளே என்ன நிலைமை என்று தெரியாததால் அதற்கு மட்டும் செய்தது சரி. படம் வந்தது, நடுவில் ஊதாவும் நீலமும், சுற்றிலும் நல்ல தடிமனாகக் கரும்பழுப்பு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயைச் சேர்ந்த கிளாவுஸ் மாத்தெக் என்பவர் விழுந்த மரங்களையும் விழாத மரங்களையும் அளந்து சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மீதமிருக்கிற நல்ல சுவர், ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் உஷார். நிபுணர்களுக்குள்ளேயே அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் எங்கள் மரம் அந்த எல்லையை விட நன்றாகவே மேலே இருந்தது. சிமென்ட்டை நோண்டி எடுக்க வேண்டாம், எடுத்தால் மரம் கட்டி வைத்திருக்கிற தடுப்பு உடையும், புதிதாக எந்தப் பொந்திலும் சிமென்ட் போடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் கலர் படத்தைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு எல்லா மரத்துக்கும் அது வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வேண்டவே வேண்டாம். அந்தப் படம் நீங்கள் கருவி கட்டின ஒரு உயரத்தின் கதையை மட்டும் சொல்லும். தண்டில் விரிசல் இருந்தால் அதையே பெரிய அழுகல் மாதிரிக் காட்டிவிடவும் செய்யும். வேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மரம் தெம்பாக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொட்டாப்புளி சந்தேகப்பட்ட மரத்துக்கு மட்டும் செய்யுங்கள், காசு மிச்சம்.

இந்தச் சேவை எங்களுக்குக் கொடுத்த காசுக்கு முழுசாகப் பயன்பட்டது இயல்வாகையில்தான். கார் பார்க்கிங் பக்கத்தில் நிற்கிற மரம். இலை பச்சை, பச்சைய எண் நன்றாக, ஒளிர்வு எண் நன்றாக, பூவும் கொட்டுகிறது, யாருக்கும் அதன் மேல் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் மட்டும் அடிமரத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். மரம் தரையில் இறங்குகிற இடத்தில் விரிந்து இறங்க வேண்டும், வேர்கள் கால் பரப்பினது தெரிய வேண்டும். இது மின்கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போயிற்று. பேவர் பிளாக் பதிக்கும்போது மண்ணைக் கொட்டி மட்டம் உயர்த்தித் தண்டை ஒட்டியே கல் வைத்திருக்கிறார்கள். நாலு கல்லைப் பெயர்த்து மண்ணை விலக்கினால், புதைந்த பட்டை ஈரத்தில் நைந்து கிடக்கிறது, ஒரு வேர் தண்டையே சுற்றி இறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, பார்க்கிங் பக்கத்து வேர்கள் எப்போதோ வெட்டப்பட்டிருக்கின்றன. தெம்பு என்ற கட்டத்தில் "நன்று", தாங்கும் சக்தி என்ற கட்டத்தில் "உடனே கவனிக்க வேண்டும்". இலையை மட்டும் அளந்து போயிருந்தால் இந்த மரம்தான் வரிசையில் முதலாவது. மரத்தைச் சுற்றிக் கல்லும் கான்கிரீட்டும் போடக்கூடாது என்பது ஒன்றும் புதிதில்லை, டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. எங்கள் இடத்தில் இப்போது கல்லை எடுத்துவிட்டோம், மண்ணை இறக்கிவிட்டோம், அந்தப் பக்கம் இருந்த இரண்டு பார்க்கிங்கை இடம் மாற்றினோம். இடம் மாற்ற ஒத்துக்கொண்ட அந்த இரண்டு குடும்பத்துக்கும் நன்றி.

பிடிக்காததும் சில உண்டு. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஒரு கம்பிக் கருவியைக் குத்தினார்கள், சுமார் 2 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டால் வேர் இறங்கத் திணறும் என்பது கணக்கு. ஆனால் குத்தியது கோடை வெயிலில், காய்ந்த மண்ணில். காய்ந்த மண் எல்லாம் கல்லாகத்தான் இருக்கும். மழை பெய்து தண்ணீர் இறங்கி, ஒன்றிரண்டு நாள் கழித்துச் செய்ய வேண்டிய சோதனை அது. எங்கள் வளாகம் முழுக்க "இறுகிய மண்" என்று வந்த அந்தப் பக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து, செயற்கைக்கோள் பசுமை வரைபடம் என்று தனிக் கட்டணத்தில் ஒன்று. சென்டினல் 2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் பாதி மரம், கொஞ்சம் மொட்டை மாடி, கொஞ்சம் புல்தரை, ஒரு கார் எல்லாம் அடங்கிவிடும். காட்டையோ தோப்பையோ பார்க்க அருமையான விஷயம், யாரும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒற்றை மரத்துக்கு அதை விற்கக்கூடாது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது இன்னொரு வருத்தம், மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற தோட்டக்கார அண்ணனுக்குப் புரிய வேண்டாமா? கேட்ட பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள், அதைத்தான் அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே இவற்றைப் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் இதே பருவத்தில் வருவார்களா, அதற்குக் கட்டணம் என்ன. முடிந்தால் ஒரே ஆளை அனுப்புவார்களா. எண்களை எக்செல் கோப்பாகத் தருவார்களா, எங்களுக்கு முதலில் பிடிஎஃப் மட்டும்தான் வந்தது. வேரடி மண்ணை விலக்கிப் பார்ப்பது அடிப்படைக் கட்டணத்தில் சேர்த்தியா. மரம் வெட்டுகிற காண்ட்ராக்டும் அவர்களே எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள், எடுப்பார்கள் என்றால் நான் வேறு ஆளைத்தான் பார்ப்பேன். பத்து மரத்துக்குக் குறைவாக இருக்கிற சின்ன இடமாக இருந்தால் முதல் வருஷம் யாரையும் கூப்பிடாமலேயே நீங்களே சுற்றளவு, பழைய வெட்டின் இடைவெளி, ஒரே இடத்திலிருந்து போட்டோ, வேரடி தெரிகிறதா என்ற குறிப்பு, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிவிடலாம். ஒரு வயதான பெரிய மரம் ஆட்கள் நடமாடுகிற இடத்தின் மேல் சாய்ந்து நின்றாலோ, அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலோ, வேரைச் சுற்றி மண் புதிதாக வெடித்திருந்தாலோ நோட்டோடு நிற்காதீர்கள், உடனே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் அடுத்த அளவை வேம்பு துளிர்த்து முடிகிற சமயத்துக்கு வைத்திருக்கிறோம், மண் சோதனையை மட்டும் பிரித்து, மழை விட்டதும் செய்யச் சொல்லியிருக்கிறேன். இயல்வாகையின் இறுக்கும் வேரைப் பகுதி பகுதியாக வெட்டி எடுக்கலாமா என்பதை அப்போதுதான் முடிவு செய்வார்கள். அந்த முடிவும் புது எண்களும் கைக்கு வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன், மார்க்கும் அதைப் பொறுத்து மாறலாம்.